கோதுமை ரவையைக் குறை சொல்லும் முன்

சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லியைச் சுற்றிக் கோதுமை வயலைத் தேடினால் கிடைக்காது. ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை, இடையே சுவேத நதி. இந்த மண்ணில் நெல் விளையும், மக்காச்சோளம் விளையும், குச்சிக்கிழங்கும் மஞ்சளும் பருத்தியும் விளையும். கோதுமைக்கு மட்டும் இந்த ஊர் ஒத்துவராது. கதிர் பால்பிடித்து முற்றுகிற வாரங்களில் அதற்குக் குளிர்ச்சி வேண்டும்; இங்கே மாசி பிறந்தால் வெயில் ஏறத் தொடங்கிவிடும். ஆகவே இந்தப் பக்கத்து அடுப்புகளில் வேகும் கோதுமை ரவை எங்கோ வடக்கே விளைந்து ரயிலேறி வந்தது. ஆனால் அந்த ரவையை உப்புமா ஆக்கத் தேவையான மற்றதெல்லாம் பஸ் ஏறினால் போய்விடும் தூரத்திலேயே கிடைக்கிறது: நாமகிரிப்பேட்டை மஞ்சள், கொல்லிமலை மிளகு, ராசிபுரத்து நெய், பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம். வெளியூர்த் தானியமும் உள்ளூர்த் தாளிப்பும் சேரும் இந்தச் சாப்பாட்டை எப்படி ரசிப்பது என்பதுதான் இங்கே பேச்சு. ரவையின் குறையை மறைக்கத்தான் மசாலா என்று நினைப்பவருக்கு அது ஒருநாளும் ருசிக்காது என்பது என் கட்சி. ரவைக்கென்று ஒரு மணம் இருக்கிறது. அதை எடுத்துக்கொடுக்கும் வேலைக்குத்தான் மசாலா வருகிறது என்று வைத்துக்கொண்டால், போடும் அளவும் போடும் வரிசையும் தானாகவே மாறிவிடும்.

நம் ஊர்களில் இதற்கு நல்ல பெயர் இல்லாததற்குக் காரணம், இது வந்த வழி. 1954-இல் அமெரிக்கா கொண்டுவந்த பி.எல். 480 சட்டத்தின் கீழ்க் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. 1965, 66-ஆம் ஆண்டு வறட்சியில் அது இல்லாமல் நாடு தாக்குப்பிடிப்பதே கடினம் என்ற நிலை. காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான கேர் பால்பவுடரும் எண்ணெயும் பல்கர் கோதுமையும் கொடுத்தது. பல்கர் என்பது கோதுமையை முதலில் வேகவைத்து, காயவைத்து, பிறகு உடைத்தது. நம் மில்லில் பச்சையாக உடைக்கும் ரவையைவிடச் சீக்கிரம் வேகும், குழையாது. அன்று பள்ளியில் சாப்பிட்ட ஒரு தலைமுறைக்குக் கோதுமை உப்புமா என்றால் நிவாரணச் சாப்பாடு. அதன்பிறகு ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும் பண்டமானது. அதற்கும் பிறகு, சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இரவில் சோற்றைக் குறைத்து இதைச் சாப்பிடச் சொல்லும் வழக்கம் வந்தது. ஆக பசிக்கு வந்தது, பதிலுக்கு வந்தது, பத்தியத்துக்கு வந்தது. ருசிக்கு என்று ஒருமுறைகூட வரவில்லை. கட்டாயத்தில் தின்பதை யாரும் நின்று நிதானித்து ருசி பார்ப்பதில்லை. பிரியாணியில் பட்டை தூக்கலா, கிராம்பு தூக்கலா என்று வாதாடும் ஊரில், கோதுமை உப்புமாவைப் பற்றி 'இருக்கு' என்பதற்குமேல் ஒரு வார்த்தை கிளம்பாததற்கு இதுதான் காரணம்.

இந்த நிலைமை இப்போது மாறக்கூடும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அதன் வாரப் பட்டியலில் கோதுமை ரவை உப்புமாவும் கோதுமை ரவை கிச்சடியும் இருக்கின்றன, கூடவே காய்கறி சாம்பார். ஒரு குழந்தைக்கு 50 கிராம் தானியம் என்றும், சமைத்தபின் 150 முதல் 200 கிராம் உணவு என்றும் அளவு வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணைச் சமைப்பவர்கள் கொஞ்சம் உற்றுப்பார்க்க வேண்டும். காய், எண்ணெய் போக, ரவை தன் எடையைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ தண்ணீரைக் குடித்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். வீட்டு உப்புமா தொண்டையில் அடைப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தண்ணீர்க் கணக்குதான். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மணியைப் பார்க்கப் பழக வேண்டும். வெள்ளை ரவை என்பது கோதுமையின் உள்மாவு மட்டும். தவிடும் முளையும் நீக்கப்பட்டது. கோதுமை ரவை முழுமணியை அப்படியே உடைத்தது, தவிடு, முளை, மாவு மூன்றும் அதில் உண்டு. முளையில் எண்ணெய் இருக்கிறது. மணி முழுசாக இருக்கும்வரை அந்த எண்ணெய் பத்திரம். உடைத்த நாளிலிருந்து காற்றுப் பட்டுக் காறத் தொடங்கும். சேலத்து வெயிலில் இன்னும் சீக்கிரம். எனவே கடைப் பையில் எப்போது உடைத்தது என்று தெரியாமல் வாங்குவதைவிட, ரேஷன் கோதுமையைக் கல் பொறுக்கிக் காயவைத்து மாவு மில்லில் ரவையாக உடைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். பெரிய ரவையாக உடைக்கச் சொல்லி, சல்லடையில் சலித்தால் மூன்று தினுசு கிடைக்கும்: அடியில் விழும் மாவு தோசைக்கு, நடுத்தரம் உப்புமாவுக்கு, மேலே நிற்கும் பெருநொய் கஞ்சிக்கு. ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து ஊதினால் தவிட்டுத் தூசி பறக்கும். மிச்சத்தை மூக்கருகே கொண்டுபோனால், காய்ந்த வைக்கோலும் லேசான இனிப்பும் கலந்த வாசம் வரவேண்டும். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் அந்த ரவையை எந்த மசாலாவும் காப்பாற்றாது. நாலு மணியை வாயில் போட்டு மென்று பாருங்கள். கடைசியில் நாக்கில் கசப்பு நின்றால் காறிவிட்டது. சூயிங்கம் மாதிரி இழுபட்டுக் கடைசியில் தித்தித்தால் நல்ல ரவை.

சம்பா கோதுமை ரவை என்று தனியாக விற்பார்கள். அது சாதாரணச் சப்பாத்திக் கோதுமையிலிருந்து வேறான, மனிதன் பயிரிட்ட மிகப் பழைய கோதுமை வகைகளில் ஒன்றான எம்மர் இனம். மகாராஷ்டிரத்தில் இதையே கப்ளி என்கிறார்கள். உமி மணியோடு ஒட்டியிருக்கும், குத்தித்தான் பிரிக்க வேண்டும். கோதுமை தமிழ் மண்ணுக்கு அந்நியம் என்று சொல்பவர்கள் நீலகிரியை மறந்துவிடுகிறார்கள். படகர்கள் சாமையோடும் ராகியோடும் கோதுமையும் பார்லியும் விளைவித்தவர்கள். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையமே கோதுமைக்காக இருக்கிறது. வடக்கே வயல்களை அழிக்கும் துரு நோய் கோடையில் இந்த மலைப் பயிரில் தங்கிப் பிழைக்கிறது என்பதால் அங்கே ஆராய்ச்சி தேவைப்பட்டது. சமவெளிக்குத்தான் கோதுமை வெளியூர்ச் சரக்கு. சம்பா ரவை கொஞ்சம் நீளமாக, சிவப்பேறி இருக்கும். வெந்தபின் பல்லுக்கு அதிக வேலை கொடுக்கும். உப்புமாவுக்கு எல்லோருக்கும் இது பிடிக்குமென்று சொல்ல மாட்டேன், கஞ்சிக்கும் பாயசத்துக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

இனி அடுப்பு. ரவையை வறுக்காமல் போடுவது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ருசியில் பாதியை வேண்டாம் என்று சொல்வதாகும். வறுக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. மணியின் மேற்பரப்பில் இருக்கும் மாவு சூட்டில் இறுகுவதால், பின்னால் தண்ணீரில் விழும்போது பசையாகாமல் உதிரியாக நிற்கும். தவிட்டில் இருக்கும் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவந்து, ரொட்டி சுடும் வாசம் பிறக்கும். சின்னத் தீயில், ஒரு கரண்டி நெய்யோடு, ஆறேழு நிமிடம். நிறத்தைப் பார்த்து நிறுத்தாதீர்கள். ரவை ஏற்கனவே பழுப்பு, கண்ணுக்குத் தெரிவதற்குள் கருகிவிடும். மூக்கை நம்புங்கள். பச்சை மாவு வாசம் போய், வறுகடலை வாசம் வடச்சட்டியிலிருந்து எழுந்ததும் இறக்கி வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அதன் சூட்டில் அடி கருகும்.

தண்ணீர்: நடுத்தர ரவை ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர். வெள்ளை ரவைப் பழக்கத்தில் இரண்டோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். தவிட்டுத் தோல் தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே விடும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஊற்றுவது கொதிக்கிற தண்ணீராக இருக்க வேண்டும். உப்பு அந்தத் தண்ணீரிலேயே, வாயில் வைத்தால் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும் அளவுக்கு, போட்டுவிட வேண்டும். 'சப்பென்று இருக்கிறது' என்று இந்த உப்புமாவின் மேல் வரும் புகாரில் பெரும்பகுதி காரக் குறைவால் வருவதே இல்லை, மணிக்குள் உப்பு போகாததால் வருவது. தண்ணீரோடு உள்ளே போன உப்பு பல்லில் கடிபடும்போது தெரியும். பிறகு மேலே தூவியது நாக்கின் நுனியில் கரித்துவிட்டுப் போய்விடும், உள்ளே மணி வெறுமையாகவே இருக்கும். மூடிபோட்டு, தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். மேல் மணி உலர்ந்தும் அடி மணி ஈரமாகவும் இருப்பது அந்தப் பத்து நிமிடத்தில் சமமாகும். குக்கரில் வைப்பவர்கள் தண்ணீரை இரண்டு டம்ளராகக் குறைத்து இரண்டு விசில் விடலாம். வேலை மிச்சம், ஆனால் உதிரி கொஞ்சம் குறையும்.

தாளிப்புக்கு வருவோம். கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இது. எண்ணெய் காயாமல் கடுகைப் போட்டால் அது ஊறும், பொரியாது. கடுகுக்குள் இருக்கும் உறைப்பு அதை அரைத்துத் தண்ணீர் படும்போதுதான் கிளம்பும். சுடு எண்ணெயில் பொரிந்தால் அந்த உறைப்பை உண்டாக்கும் நொதி செத்துவிடும், மிஞ்சுவது கொட்டை போன்ற ஒரு மணம். கோதுமையின் வறுத்த வாசத்துக்கு இந்த மணம்தான் சொந்தம். சடசடப்பு அடங்கும் நேரத்தில் உளுத்தம்பருப்பும் கடலைப்பருப்பும். அவை சிவக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். சீரகம் அப்படியில்லை. நாலைந்து நொடியில் நிறம் மாறி, எட்டாவது நொடியில் கசக்கும். எல்லாவற்றையும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரே கையில் அள்ளிப் போடுபவர்களுக்குக் கடுகு பச்சையாகவும் சீரகம் கருகியும் வருவது இதனால்தான். பிறகு காய்ந்த மிளகாய், கட்டிப் பெருங்காயத்தில் மிளகளவு ஒரு துணுக்கு. பெருங்காயத்தின் அழுகிய வாடை எண்ணெயில் பொரிந்ததும் பூண்டு வாசமாகிவிடும். சின்ன வெங்காயம் இரண்டிரண்டாக அரிந்தது ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, இஞ்சி. மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, அதையும் எண்ணெயிலேயே போட வேண்டும், அதன் சாயம் தண்ணீரில் கரையாது. மிளகை மட்டும் கடைசிவரை காத்திருக்கச் சொல்லுங்கள். அதன் உறைப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் ஓடாது, வாசம் ஓடிவிடும். இறக்கியபின் அப்போதே தட்டிய கொல்லிமலை மிளகு அரைத் தேக்கரண்டியைத் தூவிக் கிளறினால், மூடியைத் திறக்கும்போது முதலில் வருவது அதுதான்.

எண்ணிப்பாருங்கள், இதில் பட்டை இல்லை, கிராம்பு இல்லை, சோம்பு இல்லை, மசாலாத்தூளும் இல்லை. இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும்: கிச்சடியில் பட்டை கிராம்பு போடுவது எல்லோரும் செய்வதுதானே, அது ருசியாக இல்லையா? ருசியாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். சேமியாவா, அரிசியா, கோதுமையா என்று சொல்ல முடிகிறதா? கிராம்பின் மணம் அவ்வளவு முரட்டுத்தனமானது, பக்கத்தில் வேறொன்றைப் பேசவிடாது. கேரட், பீன்ஸ், பட்டாணி, தக்காளி என்று காய் கூடும் கிச்சடியில் அதன் இனிப்பையும் புளிப்பையும் ஒருகோப்பில் கட்ட ஒரு துண்டுப் பட்டையும் ஒரு கிராம்பும் தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. அதற்குமேல் போடுவது கோதுமையின் மேல் நம்பிக்கை இல்லாத கை. சேலம் பக்கத்துச் சமையலுக்குச் சோம்பின் மேல் தனிப் பிரியம் உண்டு; குருமாவில் அது ராஜா. இந்த ரவையில் போட்டால் குருமாவை நினைவூட்டிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான்.

சாப்பிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் வாயை வெறுமையாக, சூட்டோடு சாப்பிட வேண்டும். முதலில் மிளகும் நெய்யும் மூக்கில் ஏறும், பிறகு மணி பல்லில் மாட்டும். கோதுமையில் உள்ள பசைப்புரதத்தால் வெந்த மணி லேசாக அமுங்கித் திரும்ப எழும்பும். அரிசி உப்புமாவில் இந்தத் துள்ளல் கிடையாது, அது உடனே உதிர்ந்துவிடும். இந்தத் துள்ளலை உணராமல் விழுங்கிவிட்டால் கோதுமை உப்புமாவைச் சாப்பிட்டதாகவே கணக்கில்லை. மெல்ல மெல்ல ஒரு இனிப்பு கடைசியில் எழும், எச்சிலில் மாவு சர்க்கரையாவதால் வருவது. அதன்பிறகு தொட்டுக்கொள்வதைத் தொடலாம். தேங்காய்ச் சட்னி பொருந்தும், கெட்டியாக இருந்தால். பருப்பு தளதளவென்று நிற்கும் சாம்பாரை ஊற்றினால் இரண்டு கெட்டிச் சாமான்கள் சண்டை போடும். சாம்பார் இளகலாக இருக்க வேண்டும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிந்தால் சட்னியே தேவையில்லை. நாட்டுச் சர்க்கரையும் வாழைப்பழமும் வைத்துச் சாப்பிடுபவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. பெருங்காயமும் மிளகும் உள்ள பண்டத்தோடு வெல்லம் சேர்வதில் என்ன வியப்பு? வெண்பொங்கலுக்குப் பக்கத்திலேயே சர்க்கரைப் பொங்கலை வைத்துச் சாப்பிடுகிற ஜனங்கள்தானே நாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கம்பும் சோளமும் சாமையும் விளைந்த நிலத்தில், கொல்லிமலையில் இன்னும் சாமை விளைகிறபோது, வெளியூர்க் கோதுமைக்கு எதற்கு வக்காலத்து? 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே அறிவித்தது. நம் சொந்தத் தானியத்தைத் திரும்ப எடுக்க வேண்டிய நேரத்தில் இது திசைதிருப்பல் இல்லையா? விளைச்சலைப் பற்றிய வாதமாக இதை ஒத்துக்கொள்கிறேன். சாமைக்கு ஓடும் தண்ணீரும் உரமும் கோதுமைக்கு ஓடுவதில் கால்வாசிகூட இருக்காது என்று விவசாயி சொன்னால் எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் ருசி என்ற அளவில், ஒரு தானியத்தைக் கூர்ந்து தின்னப் பழகிய நாக்கு இன்னொன்றையும் கூர்ந்துதான் தின்னும். சாமையை இன்று பலர் பிரியாணி மசாலாவில் புரட்டி 'மில்லட் பிரியாணி' என்று விற்கிறார்கள்; கோதுமை ரவைக்கு நேர்ந்த அதே கதிதான் அதற்கும். கம்மஞ்சோற்றை மோரும் சின்ன வெங்காயமும் மட்டும் வைத்துச் சாப்பிட்ட முந்தைய தலைமுறைக்குத் தானியத்தின் ருசி தெரிந்திருந்தது. மேலும், ரேஷனில் கோதுமை வந்துகொண்டிருக்கும்வரை அது வீட்டில் இருக்கும். இருக்கிற பண்டத்தை நன்றாகச் சமைப்பதில் கொள்கைக் குழப்பம் ஒன்றுமில்லை.

சர்க்கரை நோய் வாதத்தைப் பற்றிச் சுருக்கமாக. உடைத்த கோதுமை நைஸ் மாவைவிட மெதுவாகச் செரிக்கும், தவிட்டு நார் இருப்பதால் வயிறும் நிறையும். அதனால் அது மருந்தாகிவிடாது. மாவுச்சத்து மாவுச்சத்துதான், தட்டில் குவிக்கும் அளவுதான் கணக்கு. கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே கூடாது. பத்தியம் என்பதற்காக எண்ணெயையும் உப்பையும் ஒரேயடியாக நீக்கி, வெந்நீரில் வேகவைத்த ரவையை அப்பாவின் தட்டில் தினமும் வைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: மசாலாவின் வாசம் பெரும்பாலும் கொழுப்பில்தான் கரையும், ஒரு கரண்டி எண்ணெய்கூட இல்லாமல் ஐந்து சாமான் போட்டும் பயனில்லை. ஒரே ஒரு கரண்டி எண்ணெயில் ஒழுங்காகத் தாளித்தால் பத்தியமும் கெடாது, பெரியவர் முகமும் சுளியாது.

கடைசியாகக் கஞ்சி. உடைத்த கோதுமையைப் பாலிலோ தண்ணீரிலோ குழைய வேகவைத்துக் காலையில் சூடாகக் குடிப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். வடஇந்தியாவில் தலியா, ராஜஸ்தானில் வெல்லம் சேர்த்த லாப்சி. அமெரிக்காவில் 1893-இல் வடக்கு டகோட்டாவின் ஒரு மாவு மில்லில் பிறந்த 'கிரீம் ஆஃப் வீட்' இன்றும் விற்கிறது. ஆனால் அது தவிடு நீக்கிய வெள்ளை ரவை, அதற்குச் சர்க்கரையும் பாலும் இல்லாமல் நடக்காது. நம் கோதுமைக் கஞ்சி முழுமணி என்பதால் உப்புக்கும் தாங்கும், வெல்லத்துக்கும் தாங்கும். பெருநொய் ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு, முந்தின இரவே ஊறவைத்தால் அடுப்பில் பாதி நேரம் மிச்சம். உப்புக் கஞ்சிக்கு வெந்தயம் கால் தேக்கரண்டியும் நாலு பல் பூண்டும் கூடவே வேகட்டும், சீரகத்தையும் சின்ன வெங்காயத்தையும் நெய்யில் தாளித்து மேலே கொட்டினால் போதும். இனிப்புக் கஞ்சிக்கு பிலிக்கல்பாளையத்து வெல்லம், சுக்கு, ஒரே ஒரு ஏலக்காய். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, இறக்கியபின் சேர்க்க வேண்டும், பாலும் அப்படியே. அடுப்பில் கொதிக்கும்போது இரண்டையும் சேர்த்தால் சில நேரம் பால் திரியும். கஞ்சி ஆற ஆற இறுகும். இளக்க வேண்டுமானால் கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கஞ்சி அடியிலும் தண்ணீர் மேலுமாகப் பிரிந்து நிற்கும், உப்பும் இன்னொருமுறை போட வேண்டிவரும்.